மருந்தாக வரும் வைரஸ்: அது குடியேறும் முகவரியைப் பார்ப்பவர் யார்?



தாம்பரம் சானடோரியம் என்னும் பெயரைச் சென்னையின் தென் புறநகரில் வாழ்வோருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய அந்நிலையம், 1937-இல் அரசின் பொறுப்புக்கு வந்து, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவும் பலர் அஞ்சிய காலத்தில் அவர்களை ஏற்றுக் கவனித்த மருத்துவமனை அது. 2004 ஏப்ரல் முதல் நாளன்று நாட்டில் எட்டு அரசு மருத்துவமனைகளில் எய்ட்ஸ் கூட்டு மருந்து இலவசமாக வழங்கும் திட்டம் தொடங்கியபோது, அந்த எட்டில் தாம்பரமும் ஒன்று.

அந்நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. என்னும் வைரஸை நாம் அறிவோம். ஆனால் அதே வைரஸைப் பல் பிடுங்கி, விஷம் களைந்து, மருந்து சுமக்கும் ஊர்தியாக மாற்றி, நம் தமிழ்நாட்டிலேயே நோயாளிகளுக்குச் செலுத்தியிருக்கிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அது பாதுகாப்பானதா? பாதுகாப்பை உறுதி செய்பவர் யார்? அதில் கணினிக்கு என்ன வேலை? இம்மாதம் இதனைப் பற்றிச் சிந்திப்போம்.

குருதி நில்லாத நோய்

நமது இல்லங்களில் ஆண் குழந்தைக்குச் சுன்னத் செய்வது மகிழ்ச்சிக்குரிய வைபவம். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புண் சில நாட்களில் ஆறிவிடுகிறது. அரிதாக ஒரு பிள்ளைக்கு மட்டும் இரத்தம் நில்லாமல் கசிந்துகொண்டே இருக்கும். கட்டை மாற்றுவார்கள், மருந்து தடவுவார்கள், அப்போதும் நிற்காது. ஹீமோஃபிலியா என்னும் இரத்தம் உறையாமை நோய் பல குடும்பங்களில் இவ்வாறுதான் முதன்முதலாக வெளிப்படுகிறது.

இந்நோயை மருத்துவ நூலில் முதலில் பதிவு செய்தவர்களுள் தலையாயவர், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டின் குர்துபாவில் வாழ்ந்த முஸ்லிம் மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. சிறு காயத்தாலும் குருதி பெருகி ஆண்கள் மாண்டுபோகும் குடும்பங்களைப் பற்றி அவர் தமது 'அத்தஸ்ரீஃப்' நூலில் எழுதி வைத்தார்.

அதன் காரணம் இன்று தெளிவாகத் தெரியும். இரத்தம் உறைவதற்குத் தேவையான 'ஃபேக்டர் 8' என்னும் புரதத்தைச் செய்யும் மரபணுவில் பிழை நேர்ந்திருப்பதே ஹீமோஃபிலியா 'ஏ' வகை. தாயிடம் அது வெளித்தெரியாமல் தங்கி மகனிடம் நோயாக வெளிப்படும். இதனை வைத்து மருமகளைப் பழிக்கும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. இது கொடிய அறியாமை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் முன்பு எவருக்குமே இந்நோய் இருந்ததில்லை. பிழை புதிதாகத் தோன்றியதே அதற்குக் காரணம்.

நோய் கடுமையாக இருந்தால், காயம் படாமலே மூட்டுகளுக்குள் இரத்தம் கசிந்து, முழங்கால் வீங்கி, நாளடைவில் பிள்ளை நடக்க முடியாமல் போகிறான். குறையும் ஃபேக்டர் 8-ஐ ஊசி மூலம் ஏற்றுவதே நெடுங்காலச் சிகிச்சை. தமிழகத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இம்மருந்து இலவசமாகவே தரப்படுகிறது. தோலுக்கடியில் போட்டு இரத்தப் போக்கைத் தடுக்கும் எமிசிசுமாப் என்ற புதிய மருந்தும் வந்துள்ளது. ஆயினும் இவையெல்லாம் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டியவை. ஒரே முறையில் பிழையைச் சரிக்கட்ட வழியில்லையா என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே மரபணுச் சிகிச்சை.

பகைவனே சுமைகூலியாக

சரியான மரபணுவை உயிரணுவுக்குள் கொண்டு சேர்ப்பது எளிதன்று. அந்த வித்தையைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கற்றுத் தேர்ந்தவை வைரஸ்கள். அவற்றுள்ளும் எச்.ஐ.வி. தனித்தன்மை உடையது. அது உயிரணுவுக்குள் நுழைவதோடு நிற்பதில்லை. தன் மரபணுக்களை நம் மரபணுத் தொகுதிக்குள்ளேயே தைத்துவிடுகிறது. அந்த உயிரணு பிளந்து பெருகும்போது தைத்த துண்டும் சேர்ந்தே பெருகும்.

இக்குணத்தைத்தான் அறிவியலார் பயன்படுத்திக்கொண்டனர். எச்.ஐ.வி.க்கு ஒன்பது மரபணுக்கள். நவீன முறையில் அவற்றில் ஆறு அறவே நீக்கப்படுகின்றன. எஞ்சிய மூன்றும் ஊர்தியில் ஏற்றப்படுவதில்லை. தயாரிப்புக் கூடத்தில் தனித்தனித் துண்டுகளாக வைத்து வேலை வாங்கப்படுகின்றன. ஆகவே உடலுக்குள் செல்லும் ஊர்தி ஒருமுறை நுழையும், சுமையை இறக்கும். அதன்பின் தானே பெருகிப் பரவ அதனால் இயலாது. எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் வல்லமை அதற்கில்லை. எச்.ஐ.வி. 'லென்டிவைரஸ்' என்னும் இனத்தைச் சேர்ந்தது. எனவே இதற்கு லென்டிவைரஸ் ஊர்தி என்று பெயர்.

இதில் வரலாற்றின் விந்தை ஒன்று உண்டு. 1980-களின் தொடக்கத்தில் மேலைநாடுகளில், பலரது பிளாஸ்மாவைக் கலந்து தயாரித்த ஃபேக்டர் மருந்தின் வழியாக ஆயிரக்கணக்கான ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அவர்களுள் மாண்டவர் பலர். எந்த நோயாளிகளை அவ்வைரஸ் பலி கொண்டதோ, அதே நோயாளிகளுக்கு மருந்து சுமக்கும் வேலை இன்று அதற்குத் தரப்பட்டுள்ளது!

வேலூரில் விளைந்தது

தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் வழியாகச் சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது வேலூர். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற டாக்டர் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி.யின் அடையாளம் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தென்பட்டது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பரிசோதனைக் கூடத்தில்தான்.

அதே வேலூரில் டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழு, அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழக அறிஞர்களுடன் இணைந்து, லென்டிவைரஸ் ஊர்தியால் ஹீமோஃபிலியா 'ஏ' நோயாளிகள் ஐவருக்குச் சிகிச்சை அளித்தது. முடிவுகள் 2024 டிசம்பரில் உலகப் புகழ்பெற்ற 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஏட்டில் வெளிவந்தன.

நோயாளியின் இரத்தத்திலிருந்து குருத்தணுக்களை எடுத்து, உடலுக்கு வெளியே வைத்து, ஊர்தி வைரஸின் மூலம் ஃபேக்டர் 8 செய்யும் மரபணுவை அவற்றில் புகுத்தினர். பிறகு கடுமையான மருந்துகளால் எலும்பு மஜ்ஜையில் இடம் ஒழித்து, அந்தக் குருத்தணுக்களையே மீண்டும் உடலில் ஏற்றினர். அவை மஜ்ஜையில் குடியேறி, அவற்றின் வழித்தோன்றலான வெள்ளணுக்கள் ஃபேக்டர் 8-ஐச் சுரக்கத் தொடங்கின.

இயல்பான அளவை நூறு எனக் கொண்டால், கடுமையான நோயாளியிடம் இருப்பது ஒன்றுக்கும் குறைவு. முதல் இருவரிடம் அது சுமார் 5, 1.7 என உயர்ந்தது. மேம்படுத்திய முறையில் சிகிச்சை பெற்ற அடுத்த மூவரிடம் சுமார் 37, 19, 40 என ஏறியது. ஐவரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதங்கள். அக்காலத்தில் அவர்களுடைய ஆண்டு இரத்தக் கசிவு விகிதம் பூஜ்யம்!

மகிழ வேண்டிய செய்தியே. ஆயினும் இந்த மகிழ்ச்சியோடு நாம் நின்றுவிடலாகாது.

பாரிஸ் தந்த பாடம்

300 கோடி எழுத்துகள் கொண்ட நம் மரபணுத் தொகுதியில் ஊர்தி வைரஸ் எந்த இடத்தில் தன்னைத் தைத்துக்கொள்ளும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒவ்வோர் உயிரணுவிலும் ஒவ்வோர் இடத்தில் தைக்கிறது. பெரும்பாலான இடங்களில் கேடில்லை. ஆனால் உயிரணுவின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டால்?

அதுதான் பாரிஸில் நடந்தது. நோய் எதிர்ப்பாற்றலே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு 1999 முதல் அங்கு நெக்கர் மருத்துவமனையில் மரபணுச் சிகிச்சை அளித்தனர். ஊர்தியாக வந்தது எச்.ஐ.வி. அன்று, எலியின் இரத்தப் புற்றுநோய் வைரஸிலிருந்து செய்த பழைய வகை ஊர்தி. குழந்தைகள் தேறினர். உலகமே பாராட்டியது. 2002-இல் பேரிடி விழுந்தது. சிகிச்சை பெற்ற குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய்! பாரிஸிலும், இதே முறையைப் பின்பற்றிய லண்டனிலும் சேர்ந்து சிகிச்சை பெற்ற 20 குழந்தைகளில் ஐவருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. ஒரு குழந்தை இறந்துபோயிற்று.

காரணம் என்ன? ஊர்தி 'எல்.எம்.ஓ.2' என்ற மரபணுவின் அருகே தைத்துக்கொண்டிருந்தது. வைரஸிடமிருந்த வலிமை மிக்க விசை அந்த மரபணுவை ஓயாமல் இயக்கியது. உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகியது.

இக்கண்ணீர்ப் பாடத்தின் பயனாகவே இன்றைய லென்டிவைரஸ் ஊர்திகளில், உள்ளே தைத்தவுடன் வைரஸின் சொந்த விசை செயலற்றுப் போகும்படி அமைக்கிறார்கள். அத்துடன், ஊர்தி எங்கெங்கே தைத்துள்ளது என்று தேடும் பணியும் இச்சிகிச்சையின் பிரிக்கவியலாத பகுதியாகிவிட்டது. அந்தத் தேடலை மனிதக் கண்ணால் செய்ய இயலாது. கணினி வருவது இங்கேதான்.

கணினி முகவரி தேடும் விதம்

நோயாளியின் இரத்தத்தைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் எடுக்கிறார்கள். அதிலுள்ள மரபுப்பொருளைத் துண்டாக்கி, ஊர்தியின் நுனியும் மனித மரபணுவும் ஒட்டியிருக்கும் துண்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, கருவியால் எழுத்தெழுத்தாக வாசிக்கிறார்கள். இலட்சக்கணக்கான துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் 300 கோடி எழுத்து மூலப்படியோடு ஒப்பிட்டு, 'இது இன்ன குரோமோசோமில் இன்ன இடம்' என்று கணினி முகவரி எழுதுகிறது.

தபால்காரர் கையில் ஒரு கிழிந்த உறை கிடைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். 'காந்தி தெரு' என்பது மட்டுமே அதில் இருந்தால் அவர் என்ன செய்வார்? ஊருக்கு ஊர் காந்தி தெரு இருக்கிறதே! 600044 என்ற எண்ணும் இருந்தால் குரோம்பேட்டை என்றும், 600059 என்றிருந்தால் கிழக்குத் தாம்பரம் என்றும் அறியலாம். நம் மரபணுத் தொகுதியிலும் ஏறத்தாழப் பாதி, திரும்பத் திரும்ப வரும் ஒரே மாதிரியான வாசகங்களே. கிடைத்த துண்டு குட்டையாக இருந்தால் முகவரி ஐயத்துக்குரியதாகிவிடும். அத்தகைய துண்டுகளைத் தனியே ஒதுக்கி வைப்பதும், ஒரு நோயாளியின் மாதிரி இன்னொருவருடையதோடு கலந்துவிட்டதா எனச் சரிபார்ப்பதும் ஆய்வாளரின் கடமை.

முகவரிப் பட்டியல் கிடைத்தபின் இரண்டு கேள்விகள் எழும். முதலாவது, ஊர்தி ஆபத்தான மரபணுக்களின் பக்கமாகவே குவிகிறதா? இதை அறியக் கணினி தானாகவே பல்லாயிரம் பொய் முகவரிகளைக் குருட்டாம்போக்கில் உண்டாக்கி, உண்மைப் பட்டியலோடு ஒப்பிடும். தற்செயலாக நேரக்கூடியதைவிடக் குவிப்பு மிகுதியென்றால் எச்சரிக்கை கொள்ள வேண்டும். எலி வைரஸ் ஊர்தி மரபணுக்களின் தொடக்க வாயிலை நாடுகிறது, லென்டிவைரஸ் ஊர்தி இயங்கும் மரபணுக்களின் உட்பகுதியை நாடுகிறது என்ற முக்கிய வேறுபாடு இவ்வகை ஒப்பீட்டினால்தான் தெரிய வந்தது.

இரண்டாவது, எல்லா முகவரிகளும் சமமாக வாழ்கின்றனவா, அல்லது ஒன்று மட்டும் பெருகுகிறதா? ஒரு தெருவில் நூறு குடும்பங்கள் கலந்து வாழ்வது இயல்பு. சென்ற ஆண்டு ஒரு வீட்டில் இருந்த குடும்பம் இவ்வாண்டு பாதித் தெருவைப் பிடித்துக்கொண்டால், ஏதோ கோளாறு என்று ஐயுற வேண்டுமல்லவா? பல்லாயிரம் முகவரிகள் கலந்திருந்தால் நிம்மதி. ஒரே முகவரி மாதத்துக்கு மாதம் வளர்ந்தால் மருத்துவர் விழிப்படைய வேண்டும்.

ஆனால் கணினி எழுதித் தருவது முகவரியையும் எண்ணிக்கையையும்தான்; தீர்ப்பை அன்று. 2007-இல் பிரான்ஸில் தலசீமியா நோய்க்குச் சிகிச்சை பெற்ற ஓர் இளைஞரிடம் ஒரு முகவரி மட்டும் ஓங்கி வளர்ந்தது. அனைவரும் அஞ்சினர். புற்றுநோய் வரவில்லை, அவர் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தேவையிலிருந்தே விடுபட்டார். எனவே எண்களைப் பார்த்துப் பதறுவதும் தவறு, பாராமல் இருப்பதும் தவறு.

ஆண்டுகள் கழித்தும் வரும் ஆபத்து

லென்டிவைரஸ் ஊர்தியில் இத்தகைய தீங்கு வராது என்று நம்பியோரும் உண்டு. 2024 அக்டோபரில் வெளியான மற்றோர் ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. சிறுவர்களின் மூளையைச் சிதைக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு 'ஸ்கைசோனா' என்னும் லென்டிவைரஸ் மரபணு மருந்தைப் பெற்ற 67 பேரில் எழுவருக்கு இரத்தப் புற்றுநோய் வகைகள் தோன்றின. ஒருவருக்குச் சிகிச்சை முடிந்து 14 மாதங்களில். இன்னொருவருக்கு 92 மாதங்கள், அதாவது ஏழரை ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின்! அமெரிக்க அரசு 2025-இல் அம்மருந்தின் பயன்பாட்டைச் சுருக்கியது.

அந்த ஊர்திக்குள் மரபணுவை இயக்க வைத்திருந்தது வைரஸ் வழிவந்த வலிமையான விசை. வேலூரில் பயன்படுத்தியதோ மனித உடலுக்கே உரிய, ஒருவகை வெள்ளணுவில் மட்டும் வேலை செய்யக்கூடிய விசை. இது ஆறுதலான வேறுபாடு. ஆனால் வேலூரில் நோயாளிகள் ஐவர். அறிக்கை வெளியானபோது மிக நீண்ட கண்காணிப்பே 27 மாதங்கள்தான். 92-ஆம் மாதத்தில் வரக்கூடிய ஒன்றை 27-ஆம் மாதத்தில் எவ்வாறு மறுக்க முடியும்? இப்படித் தைத்துக்கொள்ளும் ஊர்திகளைப் பெற்றவர்களை 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வலியுறுத்துவது இதனால்தான். நம் நாட்டிலும் 2019-இல் மரபணுச் சிகிச்சைக்கான தேசிய வழிகாட்டு நெறிகள் வெளியிடப்பட்டுள்ளன.

மறைக்கக் கூடாத ஒரு தகவல்

முஸ்லிம் இல்லங்களுக்கு எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. வேலூரில் பயன்படுத்திய ஃபேக்டர் 8 மரபணு முற்றிலும் மனித வாசகம் அன்று. மனித ஃபேக்டர் 8 உடலில் மிகக் குறைவாகவே சுரப்பதால், அதிகம் சுரக்கும் பன்றியின் ஃபேக்டர் 8 மரபணு வாசகத்தின் சில பகுதிகளை ஒத்ததாக அது வடிவமைக்கப்பட்டுள்ளது. அதிலிருப்பது பன்றியின் தசையோ இரத்தமோ அன்று. அதன் மரபணு வரிசையைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய எழுத்து வரிசை. இதன் மார்க்கச் சட்ட நிலை என்ன என்பதைக் கூற இப்பகுதி உரிய இடமன்று. நோயின் கடுமை, மாற்று மருந்துகள் கிடைக்கும் நிலை ஆகியவற்றையும் எடுத்துரைத்து, தகுதி வாய்ந்த ஆலிம்களிடம் தெளிவு பெறுவதே சரி. உண்மை தெரியாமல் சம்மதிப்பதும் கூடாது. அரைகுறையாகக் கேள்விப்பட்டு வதந்தி பரப்புவதும் கூடாது.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

1. தாய்வழியில் மாமன்மார் எவருக்கேனும் இரத்தம் நில்லாத நோய் இருந்திருந்தாலோ, குழந்தைக்குக் காரணமின்றி நீலத் தழும்புகள் தோன்றினாலோ, சுன்னத்துக்கு முன்பே மருத்துவரிடம் கூறி இரத்த உறைவுச் சோதனை செய்துகொள்ளுங்கள். நோய் இருப்பது தெரிந்தால், ஃபேக்டர் மருந்து ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனையில் மட்டுமே அது நடைபெற வேண்டும்.

2. மரபணுச் சிகிச்சைச் சோதனைக்கு அழைப்பு வந்தால், அது மத்திய அரசின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவானதா என்று கேளுங்கள். பதிவு கட்டாயம். 'பணம் கட்டினால் மரபணுவை மாற்றித் தருகிறோம்' என்று எவர் விளம்பரம் செய்தாலும் விலகிச் செல்லுங்கள்.

3. ஊர்தி எந்த வைரஸிலிருந்து வந்தது? அது தைத்த முகவரிகளை யார், எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை, எத்தனை ஆண்டுகள் பார்ப்பார்கள்? முடிவை எங்களுக்குச் சொல்வார்களா? இக்கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் பெறுவது உங்கள் உரிமை. சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சை அளிக்க 2019-ஆம் ஆண்டின் விதிகள் வழி செய்கின்றன.

4. மஜ்ஜையை ஒழிக்கும் மருந்துகள் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கக்கூடும். திருமணமாகாத இளைஞராயின் இதனை முன்பே பேசித் தீர்மானிக்க வேண்டும். மேலும், இச்சிகிச்சை இரத்த உயிரணுக்களை மட்டுமே மாற்றுகிறது. அவருக்குப் பிறக்கும் பெண் மக்கள் நோயின் மரபணுவைத் தாங்கியவர்களாகவே இருப்பார்கள்.

5. சிகிச்சை பெற்றபின் உடல் தேறிவிட்டது என்று பரிசோதனைக்குச் செல்வதை நிறுத்திவிடாதீர்கள். இரத்தம் கொடுக்க வராதவரின் முகவரியைக் கணினியால் தேட முடியாது.

இறுதியாக, பெற்றோருக்கு ஒரு சொல். சேலையூரிலும் வண்டலூரிலும் சோழிங்கநல்லூரிலும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கணினி பயில்கிறார்கள். நிறுவனக் கணக்குகளைப் பார்ப்பது மட்டுமே அவர்களது படிப்பின் பயன் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் தைத்த முகவரியைத் தேடி, புற்றுநோய் தலைதூக்கும் முன் எச்சரிக்கும் பணியும் அதே கணினிக் கல்வியால் செய்யக்கூடியதே. அதற்கு உயிரியலும் புள்ளியியலும் சேர்த்துக் கற்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மகனிடமோ மகளிடமோ இவ்வழியையும் எடுத்துச் சொல்லுங்கள். வைரஸை ஊர்தியாக்கிய அறிவு வியப்புக்குரியது. அது போய்த் தங்கிய இடத்தைப் பதினைந்து ஆண்டுகள் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை அதனினும் மேலானது. அந்தப் பொறுமையில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது.